குமிழி வண்டியில் ஏறிப் போகும் ஜீன் மருந்து!

2021-ம் வருடம் செய்தித்தாள்களில் '16 கோடி ரூபாய் ஊசி' என்று படித்திருப்பீர்கள். தசைகள் சோர்ந்து, கழுத்து நிற்காமல், மூச்சுவிடவே திணறும் ஒரு பரம்பரை நோய் வந்த பச்சைக் குழந்தைகளுக்காக ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள். 'ஒரே ஒரு ஊசிக்கு 16 கோடியா!' என்று வாய் பிளக்காத வீடு இல்லை.

அந்த ஊசியில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு மரபணு. ஜீன் என்று சொல்கிறோமே, அதுதான். குழந்தையிடம் பழுதாகிப்போன ஜீனுக்குப் பதிலாக நல்ல ஜீன் ஒன்றை உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அதைச் சுமந்துகொண்டு போவது, நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸ். ஊசியின் விலை ஏறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த வைரஸ் வண்டியைக் கோடி கோடியாக, துளிக் கலப்படம் இல்லாமல் தயாரிப்பதில் உள்ள சிரமமும் அதில் ஒன்று.

வைரஸ் இல்லாமலே ஜீனை அனுப்ப முடியாதா? தேவைப்பட்டால் இரண்டாம் தடவையும் கொடுக்கிற மாதிரி ஒரு வண்டி கிடைக்காதா? இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் பதில்களில் ஒன்று ரொம்ப சுவாரசியமானது. நீங்கள் ஸ்கேன் சென்டரில் பார்த்த அதே அல்ட்ரா சவுண்டு ஒலி. கூடவே கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழிகள். இந்த இரண்டையும் வைத்து, உடம்பைக் கிழிக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் ஜீனைச் செலுத்தும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடந்து வருகிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை பாடம்.

அனுபானம் தெரியுமா?

'சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் வைத்தியத்தில் மருந்து பெரும்பாலும் தனியாகப் போகாது. சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்போம். சிலதை நெய்யில், சிலதைப் பாலில், சிலதை வெந்நீரில். இந்தத் துணைப் பொருளுக்கு அனுபானம் என்று பெயர். பாளையங்கோட்டையில் நாங்கள் சித்த மருத்துவம் படித்தபோது மருந்தின் பெயரை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடையாது. அனுபானத்தையும் எழுத வேண்டும். நல்ல மருந்தாகவே இருந்தாலும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே பலன்?

ஜீன் மருந்துக்கும் இதே பிரச்னைதான். மருந்து தயார், அனுபானம்தான் தகராறு. அதற்காக 'சித்தர்கள் இதை அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று நான் சொல்ல வரவில்லை. இது முழுக்க இந்தக் கால விஞ்ஞானம். புரிந்துகொள்ள நமக்குப் பழகிய அந்தச் சொல் உதவும், அவ்வளவுதான்.

ஜீன் உள்ளே போவது ஏன் கஷ்டம்?

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை சுருட்டி மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சிவப்பணு போன்ற சில செல்களுக்கு மட்டும் உட்கரு கிடையாது. இந்த டி.என்.ஏ.வைப் பாட்டி எழுதி வைத்த சமையல் குறிப்பு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 20,000 குறிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு புரதம் செய்யும் முறை. ஒரு பக்கம் கிழிந்து போனால் அந்தப் புரதம் செய்ய ஆளில்லை. ரத்தம் உறைவதற்கான புரதத்தின் பக்கம் கிழிந்தால் ஹீமோபிலியா. தசையைத் தாங்கும் புரதத்தின் பக்கம் கிழிந்தால் தசைச்சிதைவு நோய்.

கிழிந்த பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் போதாதா? போதும்தான். ஆனால் வழியில் மூன்று தடைகள்.

முதலாவது, ரத்தம். டி.என்.ஏ.வை அப்படியே ஊசியில் ஏற்றினால், ரத்தத்தில் உள்ள நொதிகள் சில நிமிடங்களிலேயே அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும்.

இரண்டாவது, செல்லைச் சுற்றியுள்ள சவ்வு. அது ஒரு மில்லி மீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாதது. என்றாலும் கில்லாடிக் காவல்காரன்! டி.என்.ஏ.வுக்கும் எதிர் மின்னேற்றம், சவ்வின் வெளிப்புறத்துக்கும் எதிர் மின்னேற்றம். ஒரே துருவக் காந்தங்கள் போல ஒன்றையொன்று தள்ளும்.

மூன்றாவது, உட்கரு. செல்லுக்குள் நுழைந்த ஜீன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பயனில்லை. பூஜையறை வரை போக வேண்டும்.

வைரஸ் வண்டி

இந்த மூன்று தடைகளையும் தாண்டுவதில் வைரஸ்கள் பிறவி நிபுணர்கள். நம்மில் பலர் 2021-ல் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியிலும் ஒரு வைரஸ்தான் கொரோனாவின் ஜீனைச் சுமந்து போனது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோபிலியா 'ஏ' உள்ள 5 பேருடைய ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, வைரஸ் உதவியால் அதில் நல்ல ஜீனைச் சேர்த்து, மறுபடி உடம்பில் செலுத்தினார்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாகி உலகத்தின் கவனத்தை ஈர்த்தன. ஆகவே வைரஸ் வண்டி வேண்டாத சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வைரஸை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். அதனால் அந்த 16 கோடி ஊசியை ஒருவருக்கு ஒரு தடவைக்கு மேல் கொடுப்பதில்லை. எதிர்ப்புச் சக்தி ஒரேயடியாகக் கொதித்தெழுந்தால் உயிருக்கே ஆபத்து. 1999-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் கலந்துகொண்ட 18 வயது இளைஞர் ஒருவர், வைரஸ் ஏற்றிய நாலாம் நாள் இறந்துபோனார். ஜீன் சிகிச்சையையே உலுக்கிய சம்பவம் அது. வேறு வண்டி தேடும் வேகம் அதன் பிறகு கூடியது.

ஒலி வருகிறது

மனிதக் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை. அதற்கு மேல் போனால் கேளா ஒலி. அதுதான் அல்ட்ரா சவுண்டு. ஸ்கேன் கருவியில் பயன்படுவது நொடிக்கு 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள் வரை. வயிற்றில் ஜில்லென்று ஒரு ஜெல் தடவுவார்களே, ஏன் தெரியுமா? கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் இந்த ஒலி உள்ளே போகாது, திரும்பிவிடும். அந்தக் காற்றை விலக்கத்தான் ஜெல்.

காற்றைக் கண்டால் ஒலி பலமாகத் திரும்புகிறது என்ற இந்தக் குணம்தான் குமிழிக்கு வழி காட்டியது. 1968-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் கிராமியாக், ஷா என்ற இரு மருத்துவர்கள், இதயத்தின் பெரிய ரத்தக் குழாயில் திரவம் செலுத்தி அல்ட்ரா சவுண்டில் பார்த்தார்கள். படத்தில் மேகம் போல ஒரு பிரகாசம்! திரவத்தோடு சேர்ந்து போன நுண்ணிய குமிழிகளின் வேலை அது. 'அப்படியானால் குமிழியையே வேண்டுமென்று செலுத்தினால் இதயம் தெளிவாகத் தெரியுமே' என்று யோசித்தார்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இதயம், ஈரல் ஆகியவற்றைத் தெளிவாகப் பார்க்க நுண்குமிழ் ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பது உண்டு.

'ரத்தத்தில் காற்று போனால் ஆபத்தாச்சே!'

நியாயமான பயம். டிரிப்ஸ் ஏற்றும்போது குழாயில் ஒரு குமிழி தெரிந்தாலே நாம் நர்ஸைக் கூப்பிடுகிறோம். பெரிய காற்றுக் குமிழி ரத்தக் குழாயை அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இவை அந்த ரகம் இல்லை. ஒரு நுண்குமிழின் குறுக்களவு ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்துப் பங்கு வரை. பெரும்பாலானவை சிவப்பணுவைவிடச் சிறியவை. சிவப்பணு நுழையும் சந்தில் எல்லாம் இவையும் நுழைந்து வெளியேறும்.

மேலே புரதத்தாலோ கொழுப்புப் பொருளாலோ ஆன மெல்லிய தோல். உள்ளே சாதாரணக் காற்று இருந்தால் ரத்தத்தில் உடனே கரைந்து போய்விடும். அதனால் எளிதில் கரையாத கனமான வாயுவை அடைக்கிறார்கள். ஊசியில் உள்ள மொத்த வாயுவின் அளவு ஒரு மில்லி லிட்டருக்கும் மிகக் குறைவு. சில நிமிடங்களில் குமிழி உடைந்து, வாயு மூச்சுக்காற்றோடு வெளியே போய்விடும். சிறுநீரகத்துக்கு அதில் சுமை இல்லை.

கதவு திறப்பது எப்படி?

இனிதான் முக்கியமான கட்டம். நிதானமாகப் படியுங்கள்.

1. ஜீனை ஒரு சிறு டி.என்.ஏ. வளையமாகத் தயாரிக்கிறார்கள். குமிழியின் தோலுக்கு நேர் மின்னேற்றம் கொடுத்தால், எதிர் மின்னேற்றமுள்ள டி.என்.ஏ. அதில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழியோடு கலந்து கொடுப்பதும் உண்டு.

2. இந்தக் கலவையை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அல்லது வேண்டிய இடத்திலேயே ஊசியால் செலுத்துகிறார்கள்.

3. அந்த இடத்தின் மேல் மட்டும் அல்ட்ரா சவுண்டைப் பாய்ச்சுகிறார்கள். ஒலி அலை அழுத்தும்போது குமிழி சுருங்கும்; விடும்போது விரியும். நொடிக்கு 10 லட்சம் அதிர்வு என்றால், 10 லட்சம் தடவை சுருங்கி விரியும்! கொல்லன் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒலி மென்மையாக இருந்தால், துடிக்கும் குமிழியைச் சுற்றிச் சின்னச் சுழல்கள் உண்டாகி பக்கத்துச் செல்லின் சவ்வை இழுத்துத் தளர்த்தும். ஒலி வலுவாக இருந்தால் குமிழி படாரென்று உடையும். அப்போது ஊசி முனை போன்ற ஒரு நீர்ப்பீச்சு கிளம்பிச் சவ்வில் துளை போடும்.

5. அந்தத் துளை வழியாக ஜீன் உள்ளே நுழையும். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், செல் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும்.

இதற்கு 'சோனோபொரேஷன்' என்று பெயர். 'ஒலித்துளையிடல்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் எல்லாமே அளவுதான். ஒலி குறைந்தால் கதவு திறக்காது. கூடினால் கதவே பெயர்ந்து செல் செத்துப்போகும். சின்ன ரத்தக் குழாய்கள் கசியும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

பன்றியின் கால் எலும்பு சேர்ந்த கதை

'பேப்பரில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வேலை செய்யுமா?' பார்ப்போம்.

விபத்தில் எலும்பு நொறுங்கி ஒரு துண்டு போய்விட்டால் நடுவில் இடைவெளி விழும். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது எங்கள் மரபிலும் உண்டு. ஆனால் துண்டே போய்விட்ட இடத்தைக் கட்டு மட்டும் இட்டு நிரப்பாது. இப்போது இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து ஆபரேஷன் செய்கிறார்கள். எடுத்த இடத்திலும் வலி. அது இரண்டாவது தண்டனை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் சீடர்ஸ்-சினாய் மருத்துவ மையத்து ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். குட்டை இனப் பன்றிகளின் கால் எலும்பில், தானாகச் சேரவே முடியாத அளவுக்கு இடைவெளி உண்டாக்கினார்கள். அங்கே கொலாஜன் என்ற புரதத்தால் ஆன பஞ்சு போன்ற ஒரு சட்டத்தை வைத்தார்கள். இரண்டு வாரத்தில் உடம்பின் சொந்த மூலச் செல்கள் அதில் குடியேறின. பிறகு எலும்பை வளரச் சொல்லும் 'பி.எம்.பி.-6' என்ற புரதத்தின் ஜீனையும் நுண்குமிழையும் செலுத்தி, தோலுக்கு மேலிருந்தே அல்ட்ரா சவுண்டு கொடுத்தார்கள். அந்த இடத்தில் இருந்த செல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஜீனை வாங்கிக்கொள்ள முடியும் என்பதை முன்னதாக ஓர் அடையாள ஜீனை வைத்துப் பார்த்திருந்தார்கள்.

பலன்? 6 வாரத்தில் சிகிச்சை பெற்ற எல்லாப் பன்றிகளுக்கும் எலும்பு சேர்ந்துவிட்டது. முழுச் சிகிச்சை பெறாதவற்றுக்கு இடைவெளி அப்படியே இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குமிழி வழியே போகும் ஜீன் பெரும்பாலும் நம் டி.என்.ஏ.வோடு தைத்துக்கொள்வதில்லை. சில நாட்கள், சில வாரங்கள் வேலை செய்துவிட்டு மறைந்துவிடும். எலும்புக்கு அதுவே வசதி. வீடு கட்டும்போது தளம் இறுகும் வரைதானே சென்ட்ரிங் பலகை வேண்டும்? இறுகிய பிறகு பிரித்துவிடுகிறோம். அந்த மாதிரி.

எலியிடமும் மனிதரிடமும்

2000-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டல்லாஸ் ஆராய்ச்சியாளர்கள் எலியின் ரத்தத்தில் குமிழியை ஏற்றி, இதயத்தின் மேல் ஒலி கொடுத்து, அங்கே ஓர் அடையாள ஜீனைச் சேர்த்துக் காட்டினார்கள். 2006-ல் அதே ஊரிலிருந்து இன்னொரு ஆய்வு: எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு மனித இன்சுலின் ஜீனை அனுப்பினார்கள், ரத்தச் சர்க்கரை குறைந்தது. வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நமக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது எலி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

மனிதர்களிடம் இந்த முறை இதுவரை பெரும்பாலும் ஜீனுக்காக அல்ல, மருந்துக்காகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. நார்வேயின் பெர்கன் நகரில் கணையப் புற்றுநோயாளிகள் 10 பேருக்கு வழக்கமான மருந்தோடு நுண்குமிழும் ஒலியும் சேர்த்துக் கொடுத்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிகத் தொல்லை இல்லாமல் தாங்கிக்கொண்டார்கள். முன்பு மருந்து மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். 10 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும் நல்ல அறிகுறி. 2015-ல் கனடாவின் டொரான்டோவில், மருந்தை மூளைக்குள் விடாத ரத்தக் குழாய்த் தடுப்பை இதே குமிழி, ஒலி உத்தியால் தற்காலிகமாகத் திறந்தார்கள்.

எங்கே இடிக்கிறது?

வைரஸோடு ஒப்பிட்டால் இந்த முறையில் ஜீனை வாங்கிக்கொள்ளும் செல்கள் பொதுவாகக் குறைவு. ஜீன் வெகுநாள் தங்காததால், ஆயுள் முழுக்கத் தேவைப்படும் புரதத்துக்கு இப்போதைக்கு இது போதாது. காற்று நிறைந்த நுரையீரலுக்குள்ளும், தடித்த எலும்புக்குப் பின்னாலும் ஒலி சரியாகப் போய்ச் சேராது. கிடைக்கும் லாபம்: திரும்பச் செய்யலாம், உறுப்பைக் குறிவைக்கலாம், வைரஸ் தேவையில்லை. ஜீனைச் செலுத்துவதற்காக எந்த நாட்டிலும் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாக அனுமதிக்கப்படவில்லை.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

*கர்ப்பத்தில் ஸ்கேன் எடுத்தால் குழந்தையின் ஜீன் மாறிவிடுமா டாக்டர்?*

மாறாதும்மா. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் குமிழி ஊசியும் கிடையாது, வெளி ஜீனும் கிடையாது. எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சும் இல்லை. டாக்டர் சொன்ன ஸ்கேனைப் பயமில்லாமல் எடுங்கள். ஆசைக்காக அடிக்கடி எடுக்க வேண்டாம்.

*முட்டி வலிக்கு பிசியோதெரபியில் கொடுக்கும் அல்ட்ரா சவுண்டும் இதுவும் ஒன்றா?*

ஒலி ஒரே குடும்பம்தான். வேலை வேறு. அதில் ஜீன் எதுவும் உள்ளே போவதில்லை.

*நுண்குமிழ் ஊசி யாருக்கு ஒத்துக்கொள்ளாது?*

அபூர்வமாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். முன்பு ஏதாவது ஊசி, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

*சித்த மருந்தால் ஜீன் கோளாறைச் சரிசெய்ய முடியுமா?*

என்னிடம் வரும் பெற்றோர் கண்ணீரோடு கேட்கும் கேள்வி இது. கிழிந்த பக்கத்தை எந்தச் சூரணமும் பஸ்பமும் ஒட்டாது. பசி, தூக்கம், மலச்சிக்கல், உடல் வலி போன்றவற்றில் நாங்கள் கைகொடுக்க முடியும். அதுவும் பெரிய டாக்டருக்குத் தெரிந்துதான். 'வேரோடு குணப்படுத்துகிறேன்' என்று சொல்பவர் எந்த வைத்தியமுறைக்காரராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

ஏமாறாமல் இருக்க

'ஜீன் சிகிச்சை' என்று விளம்பரம் பார்த்தால், நகையை அடகு வைப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்.

1. எந்த ஜீன், எந்த நோய்க்கு? நோயாளிக்கு ஜீன் பரிசோதனை செய்து அந்தக் கோளாறு உறுதியாயிற்றா?

2. இது அரசு அனுமதித்த சிகிச்சையா, ஆராய்ச்சியா?

3. ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா?

4. ஆராய்ச்சி மருந்துக்கு ஏன் பணம்? பரீட்சைக்கு உடம்பைக் கொடுப்பவரிடம் மருந்துக்கும் காசு கேட்பது முறையல்ல.

பதில் மழுப்பலாக வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஜீன் கோளாறு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது, பெரிய அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ மரபணு ஆலோசனை பெறுவது. நோயின் சரியான பெயர் கையில் இருந்தால்தான், நாளைக்கு ஒரு நல்ல சிகிச்சை வரும்போது அது உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று டாக்டர் சொல்ல முடியும். அதுவரை பிசியோதெரபி, தடுப்பூசி, சத்தான சாப்பாடு மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மருந்து வந்து கதவைத் தட்டும் நாளில், அதை வாங்கிக்கொள்ள உடம்பில் தெம்பு இருக்க வேண்டும்.